ஏரியில் ஊன்றிய கழி

பொன்னேரியில் பஸ் ஏறும்போதே சண்டை தொடங்கிவிட்டது. கண்டக்டர் எங்கள் கேமராப் பெட்டியை டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் மூடி மேல் வைக்கச் சொன்னார். அங்கே வைத்தால் சூடு, சூடு பட்டால் ஃபிலிம் போச்சு. ஓங் அங்கிள் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு, தமிழில் தமக்குத் தெரிந்த ஒரே சொல்லான 'வேணாம்' என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பொட்டிக்கும் ஒரு டிக்கெட் வாங்கு, இல்லாங்காட்டி எறங்கு" என்றார் கண்டக்டர். வாங்கினேன். பழவேற்காடு போய்ச் சேரும்வரை பெட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஓங் அங்கிள் பினாங்குச் சீனர், எழுபதைத் தாண்டியவர். நான் அதே ஊரில் அச்சகம் நடத்துகிறவள். அவருடைய படப் புத்தகங்களை அச்சடித்து அவரிடம் திட்டு வாங்குவது என் தொழிலில் ஒரு பகுதி. டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த ஊர்களைப் பற்றி அவர் ஒரு புத்தகம் செய்துகொண்டிருந்தார். மலாக்கா முடிந்தது, இலங்கையில் காலி முடிந்தது, பழவேற்காடுதான் பாக்கி. தமிழ் பேச ஆள் வேண்டும் என்று என்னை இழுத்து வந்துவிட்டார். எனக்குத் தமிழ் தெரியும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் "இன்னா ஓணும்?" என்று கேட்டபோது அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் இளைஞராக இருந்த காலத்தில் கலர் படம் என்றால் கல்யாண ஆல்பம், காலண்டர், பிஸ்கட் டப்பா. கலை என்றால் கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்தில் அவர் மீன் மார்க்கெட்டையும் சந்துகளையும் கலரில் எடுத்துப் போட்டிக்கு அனுப்ப, நடுவர்கள் சிரித்து ஒதுக்கிவிட்டார்கள். அவர் விடவில்லை. பிறகு எங்கள் பக்கத்தில் கலரைக் கையில் எடுத்த அத்தனை பேரும் அவர் போட்ட தடத்தில்தான் நடந்தார்கள். இதைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

அவர் வேலை செய்யும் விதம் ஆளைக் கிறுக்காக்கிவிடும். சாம்பல் நிறச் சட்டை தவிர வேறு போடமாட்டார். சட்டையின் நிறம் எதிரே இருக்கும் பொருளில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். என் ரோஜா நிறச் சுடிதாரைப் பையிலிருந்து எடுக்கவே விடவில்லை. கழுத்தில் ஒரு சின்னக் கேமரா தொங்கும். அதில் ஃபிலிம் கிடையாது. அது வெறுமனே பார்ப்பதற்கு. நாள் முழுக்க அதில் பார்த்துக்கொண்டே திரிவார். மனசுக்குப் பட்டால்தான் பெட்டிக்குள்ளிருக்கும் பெரிய மரக் கேமராவை மூன்றுகால் நிறுத்தியில் ஏற்றுவார், கறுப்புத் துணிக்குள் தலையை நுழைப்பார். ஒரு இடத்துக்கு ஒரே ஒரு படம். சரியாக வராவிட்டால் அந்த இடம் போச்சு. இரண்டாவது தரம் எடுப்பது பொய் சாட்சி சொல்வது மாதிரி என்பார்.

இந்த முறை இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர் பயன்படுத்தும் ஃபிலிம் இப்போது யாரும் செய்வதில்லை. வீட்டு ஐஸ்பெட்டியில், மீனுக்குப் பக்கத்தில், கடைசிப் பொட்டலத்தைக் காத்து வைத்திருந்தார். அதில் மிஞ்சிய இரண்டு தாள்கள்தான் பழவேற்காட்டுக்கு. தபால் அட்டையைவிடக் கொஞ்சம் பெரிய தாள்கள். இரண்டும் ஒரே சட்டத்துக்குள், பக்கத்துக்கு ஒன்றாக, மூடி போட்டு இருந்தன. மூடியின் விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே புதுத் தாள். படம் எடுத்ததும் மூடியைத் திருப்பிச் சொருகுவார், விளிம்பு கறுப்பாகிவிடும். வெளிச்சத்தில் மூடியை உருவினால் எல்லாம் பாழ்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மடவை மீன் குழம்பும் இறால் தொக்கும். எங்கள் ஊர் மீன் சூப்பான அசாம் லக்சாவில் புளி முன்னால் வந்து நிற்கும். இங்கே மிளகாய் முன்னால் நிற்கிறது, புளி அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது. ஓங் அங்கிள் கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டார். "இந்தச் சிவப்பு சரியான சிவப்பு" என்றார்.

மறுநாள் டச்சுக் கல்லறைக்குப் போனோம். வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே நீண்ட கல்வெட்டுகள், கப்பல்கள், பெயர்கள். புத்தகம் போடுகிறவர்கள் கேட்டதே இந்த இடத்தைத்தான். ஓங் அங்கிள் ஃபிலிம் இல்லாத கேமராவில் ஒரு மணி நேரம் பார்த்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை. "இது கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பவர்களின் இடம்" என்று சொல்லிவிட்டு நேராக ஏரியைப் பார்த்து நடந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏரிக்கரை டீக்கடையில் இரண்டு பேர் தெலுங்கில் எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பினாங்கில் எங்கள் தெருவிலும் தெலுங்குக் குடும்பங்கள் உண்டு, பாதி புரியும். "செத்தவர்களைப் பார்க்க வந்த ஆள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானே" என்றார் ஒருவர். "பாவம், அந்தம்மா முகத்தைப் பார், அவளும் சாகப்போகிறாள்" என்றார் மற்றவர்.

அங்கேதான் தேசப்பன் கிடைத்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, பேசும்போது சிரித்துக்கொண்டே பேசுகிறவர். லைட்ஹவுஸ் குப்பத்துக்கு இந்தப் பக்கம் ஏரியோரமாக இருக்கும் ஒரு குப்பத்துக்காரர். குப்பத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவருடைய படகு முட்டையின் மஞ்சள் கரு நிறம், உள்ளே காவிச் சிவப்பு. ஓங் அங்கிள் சின்னக் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. படகை வாடகைக்குப் பேசினேன்.

அன்று மாலை தேசப்பன் எங்களை ஏரியில் ஒரு சுற்று கூட்டிப் போனார். ஏரி அதிக ஆழமில்லை. நீளக் கழியை அடியில் ஊன்றித் தள்ளினால் படகு போகும். போகிற வழியில்தான், இறால் பிடிப்பதில் 'பாடு' என்று ஒரு ஊர் முறை இருப்பதைச் சொன்னார்.

"எறா ஓட்ற எடம் கொஞ்சம்தான் யக்கா. எல்லாரும் பூந்தா அடிதடிதான். அதான் முறை வச்சிகிறோம். இன்னிக்கு ஒரு வூட்டுக்குப் பாடு, நாளைக்கு வேற வூட்டுக்கு. அவங்க பாடு அன்னிக்கு அங்க வேற எவனும் கழி ஊணக் கூடாது. கழி ஊணினா வலை போட்டான்னு அர்த்தம்."

"ஊன்றினால்?"

"அவன் பாட்டைப் புடுங்கிடுவாங்க. அந்த வருசம் முச்சூடும் கெடையாது." சிரித்தார். "எனக்கு இந்த வாரக் கடைசீல வருது. மழை நின்னு எறா வுழுற நேரம். அதை நம்பித்தான் கீறோம். அது போச்சுன்னா காட்டுப்பள்ளி ஹார்பர்ல செக்யூரிட்டி டிரெஸ் போட்டுகினு கேட்டாண்ட நிக்க வேண்டிதான்."

மூன்றாம் நாள் காலை வானம் மூடியிருந்தது. ஓங் அங்கிளுக்கு வெயில் ஆகாது. மூடிய வானத்தில்தான் நிறங்கள் வாயைத் திறக்கும் என்பார். தேசப்பன் வலையை வீட்டில் வைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். ஓங் அங்கிள் தடுத்தார். படகு முனையில் குவித்திருந்த அந்தப் பச்சை வலை இருக்கட்டுமாம். மஞ்சளுக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை வேண்டுமாம்.

எங்களை ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுத் தேசப்பன் படகைத் தண்ணீருக்குள் கொண்டுபோனார். கணுக்கால் நீரில் மூன்றுகால் நின்றது. கறுப்புத் துணிக்குள்ளிருந்து அங்கிளின் கை மட்டும் வெளியே வந்து இடது பக்கம், இன்னும் இடது பக்கம் என்று ஆட்டிக்கொண்டிருந்தது. நான் அதையே தேசப்பனுக்குச் சைகை காட்டினேன்.

ஏரி முழுக்க ஈயம் மாதிரி வெளிறிக் கிடந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் கருத்துப் பச்சையாக ஓர் ஓடை போல வளைந்து போனது. அங்கிளுக்கு அந்த இடம்தான் வேண்டும். ஏன் அங்கே மட்டும் தண்ணீர் நிறம் மாறுகிறது என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆழம் அதிகமான இடம். ஆழத்தில்தான் இறால் ஓடும்.

காற்று எழுந்தது. படகு ஆடியது. மந்தமான ஃபிலிம், மந்தமான வெளிச்சம். ஒரு முழு வினாடி படகு அசையாமல் நிற்க வேண்டும். "ஆடாம நிறுத்துங்கண்ணே!" என்று கத்தினேன். தேசப்பன் ஏதோ கத்தினார், காற்று கொண்டுபோய்விட்டது. ஒரு கணம் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கழியை ஓங்கி ஊன்றி, படகை அதில் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

படகு சிலைபோல நின்றது. அங்கிள் சட்டத்தைச் சொருகினார், மூடியை உருவினார், ஷட்டர் கம்பியை அழுத்தினார். கிளிக். மூடியைத் திருப்பிச் சொருகினார். கறுப்பு விளிம்பு. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "என் வாழ்நாளில் எடுத்த நல்ல படம் இதுதான் என்று நினைக்கிறேன்" என்றார். அவர் தம் படத்தைத் தாமே நல்ல படம் என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது.

அவர் அதைப் பெட்டிக்குள் வைக்கும்போதே கூச்சல் கேட்டது. இன்னொரு படகு வேகமாக வந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு வாட்டசாட்டமான ஆட்கள். "டேய் தேசா! யார் பாட்டுல எவன்டா கழி ஊணுறது?"

அப்போதுதான் எல்லாம் புரிந்தது.

வந்தவர்கள் அதே குப்பத்தைச் சேர்ந்த அஞ்சலை என்பவளின் மகன்கள். அன்றைய பாடு அஞ்சலை வீட்டுடையது. புருஷன் இறந்த பிறகும் ஊர் அந்த வீட்டு முறையை நிறுத்தவில்லை, மகன்கள் வலை போடுகிறார்கள். ஒருவர் தேசப்பனின் வலையைத் தொட்டுப் பார்த்தார். "ஈரம்! வலை ஈரமா கீது பாரு!" ராத்திரித் தூறலில் நனைந்தது என்று தேசப்பன் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வேறு யாரோ போல இருந்தார்.

குப்பத்தில் வலை பின்னும் கொட்டகையில் கூட்டம் கூடிவிட்டது. ஊர்த் தலைவர் என்றால் நரைத்த மீசையை எதிர்பார்த்தேன். வந்தவர் டி-ஷர்ட்டும் மூக்குக்கண்ணாடியும் போட்ட ஆள், கையில் இரண்டு போன். ஆனால் அவர் உட்கார்ந்ததும் சத்தம் அடங்கியது. தேசப்பனின் மனைவி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கழி ஊணினியா?" தலைவர் கேட்டார்.

"ஊணினேன். போட்டோக்குதான் ஊணினேன். படகு ஆடிச்சு. வலை போடல, என் நைனா மேல சத்தியம்."

"போட்டோக்குன்னா ஊணலாம்னு யாரு சொன்னது? நாளைக்கு ஒர்த்தன் பீடி பத்த வைக்க ஊணினேன்னு வருவான்."

நான் குறுக்கே புகுந்தேன். தப்பு எங்களுடையது, வலையைக் கொண்டுவரச் சொன்னதும் நாங்கள்தான், அபராதம் என்னவோ நாங்கள் கட்டுகிறோம் என்றேன். தலைவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "இது துட்டு விசயம் இல்லம்மா. கொஞ்சம் சும்மா இரு."

படகை முழுக்கத் தேடியிருந்தார்கள், ஒரு இறால்கூட இல்லை. அப்போதுதான் அஞ்சலையின் மூத்த மகன் எங்கள் பெட்டியைக் காட்டினார். "அதுக்குள்ள இன்னாவோ வச்சாங்க. நான் பாத்தேன். வச்சிட்டு மூடிட்டாங்க."

தலைவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஊர் முறை இன்னா? ஒர்த்தர் பாட்டுல தெரியாம பூந்துட்டா, அங்க கெடைச்சது பூரா பாட்டுக்காரங்களாண்ட குடுத்துடணும். கழியையும் கையில குடுத்துடணும். குடுத்தா அதோட சரி. ஒளிச்சு வச்சாத்தான் பாட்டைப் புடுங்கணும். இவன் கழி ஊணி அங்க கெடைச்சது அந்தப் போட்டோதான். அது அஞ்சலை வூட்டுது."

சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அஞ்சலையும் சிரிக்கவில்லை. ஐம்பது வயதுக்காரி, கையில் இன்னும் செதில் ஒட்டியிருந்தது. "ஆமா. எங்களுதுன்னா எங்களாண்ட வரணும்" என்றாள்.

நான் அங்கிளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "கொடுக்காவிட்டால்?"

"இந்த வருஷம் முழுவதும் தேசப்பனுக்கு ஏரியில் முறை இல்லை."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவர் காதருகில் குனிந்து சொன்னேன்: "சட்டத்தைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தைக் காட்டுங்கள். அதில் புதுத் தாள்தானே? யாருக்கும் தெரியப்போவதில்லை. படம் பிழைத்துவிடும்." சொன்னதில் எனக்கு வெட்கமே இல்லை. அந்தப் படம் அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியும்.

அவர் பெட்டியைத் திறந்தார். சட்டத்தை எடுத்து என் கையில் வைத்தார். "கறுப்பு" என்றார். "அவர்களுடையது கறுப்புப் பக்கம்."

"வெளிச்சத்தில் திறக்க வேண்டாம் என்றாவது சொல்லிவிடுகிறேன்."

"வேண்டாம். அவர்கள் பொருளை அவர்கள் எப்படித் திறக்க வேண்டும் என்று நாம் சொல்லக்கூடாது."

கறுப்பு விளிம்பு மேலே தெரிய அஞ்சலையிடம் நீட்டினேன். எந்த மூடியை இழுக்க வேண்டும் என்று கேட்டாள். விரலால் காட்டினேன். அந்த விரலை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. கொட்டகைக்கு வெளியே போய் வெளிச்சத்தில் நின்றாள், ஒரே இழுப்பில் மூடியை உருவினாள். மேகம் விலகி வெயில் வந்திருந்தது.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். படகு இல்லை, ஏரி இல்லை. வழவழப்பான, பச்சையும் சாம்பலும் கலந்த வெறும் தாள்.

"இன்னாம்மா இது, ஒண்ணையும் காணோமே?" என்றாள் அஞ்சலை.

நான் அங்கிள் பக்கம் திரும்பினேன். அஞ்சலை தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஓங் அங்கிளை ரொம்ப நேரம் பார்த்தாள். கிழவரின் கன்னம் நனைந்திருந்தது. ஏதோ ஒன்று போய்விட்டது என்று மட்டும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"சரி வுடு" என்றாள் தலைவரிடம். "பாட்டுல வெறும் வலை வர்ற நாளும் கீது இல்ல? கெடைச்சது வந்துடுச்சு. தேசனை வுட்டுடுங்க."

தேசப்பன் கழியை இரண்டு கையாலும் நீட்டினார். அஞ்சலையின் மூத்த மகன் வாங்கி, தரையில் ஒரு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான், முடிந்தது. தேசப்பனின் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

சட்டத்தை அஞ்சலை திருப்பிக் கொடுத்துவிட்டாள். தாளை மட்டும் வைத்துக்கொண்டாள். எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை; அவள் வீட்டு வாசலில் பாய் போட்டு நண்டுக் குழம்பும் சோறும் போட்டாள். சாப்பிடும்போது சொன்னாள்: "பொழுது சாயிற வரைக்கும் எங்க பாடுதான். பெரியவரை இன்னொரு தபா எடுத்துக்கச் சொல்லு. தேசனை நானே நிக்கச் சொல்றேன், எவனும் கேக்கமாட்டான்."

மொழிபெயர்த்தேன். வெள்ளை விளிம்போடு ஒரு தாள் பெட்டியில் இருந்தது. அங்கிள் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். "வேணாம்" என்றார். பஸ்ஸில் சொன்ன அதே வேணாம்தான், இந்தத் தடவை மெதுவாக.

தேசப்பனின் படகிலேயே திரும்பினோம். பாதி ஏரி கடந்த பிறகு அங்கிள் சொன்னார்: "நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஃபிலிமை இருட்டில்தான் தொட்டிருக்கிறேன். விரலால் தடவித்தான் தெரியும். ஒரு தாளைக்கூட நான் கெடுத்ததில்லை, அதனால் வெளிச்சத்தில் பார்த்ததும் இல்லை. அதற்கு என்ன நிறம் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்."

தேசப்பன் கழியைத் தள்ளிக்கொண்டே கேட்டார்: "பெரியவர் இன்னா சொல்றாரு யக்கா? எம்மேல கோவமா கீறாரா?"

இல்லை என்று சொல்லி, அவர் சொன்னதைச் சொன்னேன். தேசப்பன் யோசித்தார். "நானும் பாத்தேனே. தோ, இந்தக் கலருதான்" என்று தண்ணீரைக் காட்டினார்.

நாங்கள் அந்தக் கருத்த ஓடைக்குப் பக்கத்தில் வந்திருந்தோம். அஞ்சலையின் மகன்கள் அங்கே வலை போட்டிருந்தார்கள். அங்கிள் சின்னக் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. தேசப்பன் கழியைத் தண்ணீரிலிருந்து தூக்கி, சொட்டச் சொட்ட மடியின் குறுக்கே வைத்துக்கொண்டார். அந்த இடத்தைத் தாண்டும்வரை படகு காற்றில் தானாகவே மெல்ல மிதந்து போயிற்று.